நான் அழித்த அரை வரி

நானும் என் சிநேகிதனும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். கணினித் திரையில் இருக்கும் தமிழை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள், கண் தெரியாதவர்களுக்காக. யாரும் கேட்டு எழுதவில்லை, யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் கொரட்டூரில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் உட்கார்ந்து எழுதினோம். இன்றைக்கு அந்த மென்பொருளில் அவன் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் தேடித் தேடி வெட்டி எறிந்தவன் நான். உரிமத்தின்படி சரியாகத்தான் செய்தேன். இதைச் சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது.

நான் ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். குவார்ட்டர்ஸில் எல்லாவற்றுக்கும் ஒரு ரூல் உண்டு. சுவரில் ஆணி அடிக்க ஒரு ரூல், சொந்தக்காரர்கள் வந்து தங்க ஒரு ரூல், முருங்கை மரம் வைக்க ஒரு ரூல். மற்ற பிள்ளைகள் அதையெல்லாம் திட்டிக்கொண்டே வளர்ந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடந்துவிட்டால் யாரும் நம்மை ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்ற நிம்மதி அது. இந்த வயதிலும் அந்தப் புத்தி போகவில்லை.

அவன் நசரத்பேட்டைக்காரன். தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். அவர்கள் நெல் போட்ட இடத்தில் இப்போது வரிசையாகக் குடோன்கள் நிற்கின்றன. கல்லூரியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், முதல் நாளே என்னை மச்சான் என்று கூப்பிட்டான். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவான். அவன் தெருமுனை தாண்டிய பிறகு அம்மா என்னிடம், “நல்ல பையன்தான், ஆனா என்னல சொல்லிட்டுப் போறான் அவன்?” என்று கேட்பாள். ஒரே மொழியைப் பேசுகிறவர்கள்தான், நடுவில் மொழிபெயர்க்க நான் வேண்டியிருந்தது.

அந்தப் பேச்சுதான் எங்கள் மென்பொருளுக்குக் காதாக இருந்தது. தமிழ் எழுத்தைப் படிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதில் ஒரு தலைவலி இருக்கிறது. பல்லுக்கும் ப போடுகிறோம், பஸ்ஸுக்கும் அதே ப போடுகிறோம். வாயில் வரும்போது இரண்டும் வேறு. நம் சொற்களுக்கு விதி இருக்கிறது, அதை நான் எழுதினேன். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொற்களுக்கு ஒரு விதியும் கிடையாது. பீரோ, பஜ்ஜி, பேஜார், கானா, கலீஜ், தோஸ்து என்று ஒவ்வொன்றையும் தனியாகச் சொல்லித்தர வேண்டும். அவன் அதற்கு ஒரு பட்டியல் போட்டான். டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், கல்யாணப் பந்தியில் காதில் விழுந்ததையெல்லாம் போட்டான். விரிக்கிற பாய்க்கு ஒரு ப, பிரியாணிக் கடை பாய்க்கு வேறு ப என்பதால், முன்னால் பின்னால் வரும் சொல்லைப் பார்த்து முடிவெடுக்கும் விதி ஒன்றை எழுதினான். அந்த விதியை எழுத அவனுக்கு மூன்று வாரம் ஆனது. எனக்கு முப்பது வருடம் ஆகியிருந்தாலும் வந்திருக்காது.

ஒரு கூத்தும் நடந்தது. நிரல் எழுதுகிறவர்களுக்கு ‘பின்’ என்றால் கணினிக்குள் நிரல்கள் கிடக்கும் ஒரு ஃபோல்டரின் பெயர். பஸ்ஸில் வரும் ப போட்டுத்தான் சொல்லுவோம். அவன் அந்த நினைப்பிலேயே அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டான். தமிழில் பின் என்று ஒரு சொல் இருப்பதே எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. முதல் வெளியீட்டில் எங்கள் மென்பொருள் ‘முன் வாசல்’ என்பதை அழகாகப் படித்துவிட்டு, ‘பின் வாசல்’ என்பதை ஏதோ வெள்ளைக்காரன் வீட்டு வாசல் போலப் படித்தது. கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த வெளியீட்டில் சரிசெய்துவிட்டோம்.

வெளியிடுவதற்கு உரிமம் வேண்டும். இதைப் புரியாதவர்கள் இலவசம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒரு நிரலை எழுதி உரிமம் எதுவும் எழுதாமல் இணையத்தில் போட்டால் அது பூட்டிய வீடு, ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், உள்ளே போகக்கூடாது. உரிமம் எழுதினால்தான் மற்றவர்கள் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குத் தரலாம். நாங்கள் ஜிபிஎல் என்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொண்டோம். எங்கள் நிரலை எடுத்துத் தன் பொருளில் வைத்து வெளியே தருகிறவன், மற்றவர்கள் படித்து மாற்றக்கூடிய மூல நிரலையும் சேர்த்துத் தர வேண்டும், அதே உரிமத்தில் தர வேண்டும். மூடி வைத்துக்கொள்ள முடியாது. அது நியாயம் என்று இருவருக்கும் பட்டது.

அந்த உரிமத்தோடு வழக்கமாக ஒரு வாசகம் வரும். எல்லாரும் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். ‘இரண்டாம் பதிப்பு, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்று அதில் இருக்கும். ‘அல்லது’ தொடங்கி மீதியை நான் அழித்தேன். மூன்றாம் பதிப்பு அப்போதுதான் வெளிவந்து, அதை வைத்து உலகம் முழுக்க நிரல் எழுதுகிறவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது பதிப்பை எவன் எழுதுவான், அதில் என்ன எழுதுவான் என்று தெரியாமல் இன்றைக்கே ஒப்புக்கொள்வது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது போல என்று நான் அவனுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன்.

“உட்றா மச்சான். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. பின்னாடி எவனுக்கு இன்னா தேவைப்படுமோ, நமக்கு இன்னா தெரியும்” என்றான். சொல்லிவிட்டு டீ வாங்கக் கீழே போனான். அவன் திரும்பி வருவதற்குள் அழித்து ஏற்றிவிட்டேன். அவன் பார்த்தான், டீயை என் பக்கம் நகர்த்தினான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த அரை வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பதிப்பில் சில புதிய நிபந்தனைகள் உண்டு. இரண்டாம் பதிப்போ, தன்னிடம் இல்லாத நிபந்தனை எதையும் என் மேல் ஏற்றாதே என்கிறது. ஆகவே ஒன்றின் கீழ் உள்ள நிரலையும் மற்றதன் கீழ் உள்ள நிரலையும் ஒன்றாகக் கட்டி வெளியே தர முடியாது. ஒரே தாய் பிள்ளைகள், ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். உட்கார வைக்கும் ஒரே வழி அந்த ‘அல்லது’. அதை எடுத்துவிட்டால், பிறகு எழுதியவர்கள் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் உரிமத்தை மாற்றலாம். எழுதியவர்கள் என்று எங்கள் நிரலின் பதிவில் இருந்தது இரண்டு பெயர்தான்.

எங்கள் மென்பொருளை அதிகம் பயன்படுத்தியவர் ஒரு டீச்சர். பூந்தமல்லி பக்கம் குமணன்சாவடியில் இருக்கிறார். அவருக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. பார்வை இல்லாத பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் வரலாற்றுப் பாடம் சொல்லித்தருகிறார். பாடப் புத்தகத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் எங்கள் மென்பொருள் படிக்கும், பிள்ளைகள் கேட்பார்கள். முதல் வாரமே போன் செய்து, குப்தருக்குக் கழுதையின் க போடுகிறது உங்கள் பெட்டி என்று திட்டினார். அந்தக் கோடை முழுக்க என் சிநேகிதன் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவரோடு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். பிம்பிசாரர், பிந்துசாரர், கௌதமர், முகலாய இளவரசர் தாரா என்று அவர் சொல்லச் சொல்ல இவன் சேர்த்தான். அவர்கள் சத்தம் தாங்காமல் நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

சில வருடங்களில் எனக்குக் கல்யாணம் ஆனது, அவனுக்கும் ஆனது. சனி ஞாயிறு சந்திப்பு மாதம் ஒரு முறை ஆகி, பிறகு அதுவும் நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. அப்போது அவன் எஸ்டேட்டில், ஆஸ்பத்திரிகளில் டோக்கன் எண்ணைச் சொல்லும் பெட்டிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தான்.

ஒரு நாள் அம்மாவுக்கு மூட்டு வலி என்று அம்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் மாட்டியிருந்த பெட்டி டோக்கன் எண்ணைச் சொல்லிவிட்டு, பின் வாசல் அருகில் உள்ள அறைக்குச் செல்லவும் என்றது. பஸ்ஸின் ப போட்ட பின். உலகத்தில் அந்தத் தப்பைச் செய்யக்கூடிய மென்பொருள் ஒன்றுதான் உண்டு. அதன் முதல் வெளியீட்டை எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எழுந்துபோய் பெட்டியின் அடியில் இருந்த கம்பெனி பெயரைப் படித்தேன். அவனுடைய கம்பெனி. அந்தக் கம்பெனியின் தளத்தில் போய்ப் பார்த்தால் மூல நிரலும் இல்லை, உரிமமும் இல்லை, எங்கள் பெயரும் இல்லை.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நம் நிரலையே எடுத்து மூடிய பெட்டியில் வைத்து விற்கிறானே என்று. அம்மா மருத்துவரிடம் உள்ளே இருக்கும்போதே போனில் கடிதம் எழுத ஆரம்பித்தேன். தமிழ் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கென்று அப்போது ஒரு மடற்குழு இருந்தது. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும், இணையத்திலும் யாரும் படிக்கும்படி நிற்கும். அதில் அவன் முழுப்பெயரையும் கம்பெனி பெயரையும் போட்டு, இது உரிம மீறல், இது திருட்டு என்று எழுதினேன். எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று எண் போட்டு எழுதினேன். அன்று மாலையே நிறைய பேர் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு இனித்தது, பொய் சொல்லி என்ன பயன்.

இரண்டு வாரத்தில் கம்பெனி மூல நிரலை வெளியிட்டது, அவனை வேலையை விட்டு அனுப்பியது. இரண்டும் ஒரே வாரம் நடந்ததாக மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரியும். அவனைக் கூப்பிட்டுப் பேச எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, ஆனால் முதலில் அவன் பேசட்டும் என்று இருந்தேன். அவன் பேசவில்லை. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

இப்போதுதான், சமீபத்தில், விஷயம் திரும்பி வந்தது. எங்கள் மென்பொருளின் குரல் பகுதி பழையது, புதிய கணினிகளில் ஓடாது. வெளியூர்க்காரர்கள் சிலர் அருமையான குரல் நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள். அதை எங்களுடையதோடு கட்டினால் கைப்பேசியில்கூட ஓடும். ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. எங்களுடையது இரண்டாம் பதிப்பு மட்டும். கட்ட முடியாது. தனித்தனியாக ஓடவிட்டு ஒன்றிலிருந்து மற்றதற்குச் சொல்லை அனுப்பிப் பார்த்தேன், சொல்லுக்குச் சொல் விக்கியது. பார்வை இல்லாதவர்கள் நம்மைவிட மூன்று மடங்கு வேகத்தில் கேட்பார்கள், அவர்களுக்கு அந்த விக்கல் ஆகவே ஆகாது. அந்தக் குரல் நிரலை எழுதிய குழுவுக்குக் கடிதம் போட்டேன். எழுதியவர்கள் எல்லாரிடமும் சம்மதம் வாங்கி உங்கள் உரிமத்தை மாற்றுங்கள், நாங்களே சேர்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

டீச்சரின் பழைய கணினி அப்போது இழுத்துக்கொண்டிருந்தது. அது நின்றால் பாடமும் நிற்கும். புதுக் கணினி ஒருவர் வாங்கித் தந்திருந்தார், அதில் எங்கள் மென்பொருள் வாயே திறக்கவில்லை. “சேர்த்துப் போட்டுக் குடுத்துடுங்க சார், யாரு வந்து கேக்கப் போறாங்க” என்றார் டீச்சர். அவர் சொன்னது உண்மை, ஒரு ஈ காக்கை கேட்டிருக்காது. ஆனால் உரிமத்தை மீறினான் என்று ஒருவனை ஊர் முன்னால் நிறுத்தியவன் நான். அதே உரிமத்தை நானே எப்படி மீறுவது? ஆக அவன் சம்மதம் வேண்டும், அல்லது டீச்சர் வீட்டில் அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி அவன் கடை வைத்திருக்கிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சிசிடிவி கேமரா மாட்டும் கடை. ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். அவனுக்கு முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“வாங்க சார். கேமரா ஊட்டுக்கா, கடைக்கா?”

அந்த சார் என்னை அறைந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன், டீச்சரைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் பேரைக் கேட்டதும் முகம் கொஞ்சம் இளகியது. ஸ்டூலை இழுத்துப் போட்டான். பிறகு அவன் சொன்னதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் பெட்டிக்குள் எங்கள் நிரலை வைத்தது அவன் இல்லை, அவனுக்கு முன்னால் இருந்த ஒருவர். இவன் சேர்ந்த பிறகு கண்டுபிடித்து, மூல நிரலை வெளியே தரவேண்டும் என்று முதலாளியிடம் மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து என் கடிதம்.

“நான்தான் உன்கைல போட்டுக் குடுத்து எழுத வச்சேன்னு நெனச்சிகினாரு. கூட இருந்தே குழி பறிச்சிட்டேன்னு அனுப்பிட்டாரு” என்றான். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். “ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல மச்சான். ஆவடிலேர்ந்து கொரட்டூர் எத்தினி ஸ்டேஷன் கீது? நேர்ல வந்து நாலு அற உட்டிருந்தாக்கூட வாங்கிகினு இருந்திருப்பேன்.”

  அவன் தன் மகளைப் பற்றிச் சொன்னான். அவள் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணினி வகுப்பில் அப்பா பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். முதலில் வருவது என் கடிதம்தான். வீட்டுக்கு வந்து, அப்பா நீ எதைத் திருடினாய் என்று கேட்டிருக்கிறாள்.

“கையெழுத்து தானே, போட்றேன். என் வரிய இன்னா வேணா பண்ணிக்கோ. ஆனா அதே எடத்துல எழுது. ‘நான் எழுதுனது தப்பு’ன்னு எழுது. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு.”

இவ்வளவுதான் அவன் கேட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன், அவன் நேர்மையைப் பற்றி, எங்கள் நட்பைப் பற்றி எல்லாம் எழுதினேன். ஆனால் முதல் வரி இப்படி இருந்தது: ‘அன்று நான் சுட்டிக்காட்டிய உரிம மீறல் உண்மையே என்றாலும், அவரை அதற்குப் பொறுப்பாக்கியது தவறு.’ வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “அந்த ‘என்றாலும்’ வார்த்தய எடு.”

எடுத்திருக்கலாம். ஒரு சொல். ஆனால் மீறல் நடந்தது உண்மைதானே, அதை எப்படி இல்லை என்பது போல எழுதுவது என்று எனக்கு வீம்பு ஏறிவிட்டது. அந்தச் சொல் ஏன் அங்கே வேண்டும் என்று அவனுக்கு நாலு பத்தி விளக்கம் எழுதினேன். பிரிவு எண்ணெல்லாம் போட்டேன், மறுபடியும். “அப்ப வேணாம்” என்று மட்டும் எழுதினான். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை.

சம்மதம் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. சம்மதிக்காதவர் எழுதியதை நீக்கிவிட்டு, அதைப் பார்க்காமல் புதிதாக எழுதிச் சேர்க்க வேண்டும். எங்கள் பதிவில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் எழுதியது என்று நிற்கும். அவன் பெயர் உள்ள வரிகளைத் தேடி அழித்தேன். விதிகள் போயின, பாய் போனது, பட்டியல் முழுசாகப் போனது. பிறகு என் நினைவிலிருந்து புதுப் பட்டியல் போட்டேன். அகராதியைப் புரட்டினேன், செய்தித்தாளைப் புரட்டினேன். மாதக் கணக்கில் வேலை. கோபத்தில் செய்கிற வேலைக்கு அலுப்பே தெரியாது. பழைய மடற்குழுவில் ஆள் நடமாட்டம் இல்லாததால், உரிமச் சிக்கல் தீர்ந்தது என்று, எல்லாரும் இடம் மாறிப்போயிருந்த புதுக் குழுவின் பக்கத்தில் அறிவித்தேன். கைதட்டினார்கள்.

புது மென்பொருளை டீச்சரின் புதுக் கணினியில் நானே போய் ஏற்றினேன். அவர் ஒரு பிள்ளை தட்டச்சு செய்த கட்டுரையைத் திறந்து ஓடவிட்டார். குரல் அழகாக வந்தது, விக்கல் இல்லை. பாய் கடையில் பிரியாணி வாங்கினோம் என்ற இடத்தில் மென்பொருள் கோரைப்பாய்க் கடைக்குப் போனது. டீச்சர் சிரித்தார். பிறகு வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். சிரிப்பு நின்றது. குப்தர் சரியாக இருந்தார், எனக்கு நினைவில் இருந்த மற்ற சிலரும் சரியாக இருந்தார்கள். மீதிப் பேர் எல்லாம் வாய் கோணி வந்தார்கள். நிறுத்தினார்.

“இது வேற ஆளு போட்ட பட்டியலா சார்?”

ஆமாம் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். உரிமம், இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு, சம்மதம், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ‘என்றாலும்’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. அவன் சம்மதிக்கவில்லை என்று முடித்துக்கொண்டேன்.

“அந்தப் பேரெல்லாம் நான் சொல்லி அவர் எழுதினது. ஒரு லீவு பூரா ரெண்டு பேரும் உக்காந்து போட்டோம்” என்றார் டீச்சர். “எழுதினவங்க எல்லார்கிட்டயும் கேக்கணும்னு சொன்னீங்களே சார். என்கிட்ட கேக்கலியே.”

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் பெயர் என்று பார்த்துப் பார்த்து அழித்தேனே, அந்தப் பதிவில் டீச்சர் பெயர் எங்கும் இல்லை. அவர் கையால் தட்டவில்லை, அதனால் அவர் எழுதியவர் இல்லை. நியாயத்தை எண் போட்டு எழுதுகிற எனக்கு, பக்கத்து நாற்காலியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மன்னிச்சுக்கங்க டீச்சர், மறுபடி உட்கார்ந்து போட்டுவிடலாம் என்றேன்.

“போடலாம், எனக்குத் தெரிஞ்சது வரைக்கும். தெருவுல பேசுறதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்” என்றார். மேசையைத் தடவி ஹெட்போனை எடுத்து வைத்தார். “எனக்கு ஒண்ணும் இல்ல சார், பழசக் கேட்டிருக்கேன், மனசுக்குள்ள திருத்திக்குவேன். புதுசா வர்ற பிள்ளைங்க இதான் சரின்னு பழகிக்குவாங்க.”

பஸ்ஸில் ஆவடி வரும் வரை அந்த ஒரு வரிதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு என் வீம்பைக் காதில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல், அவன் வேணாம் என்ற அந்தக் கடிதத்தைத் திறந்தேன். முதல் வரியை எடுத்தேன். பத்திகளை எடுத்தேன். எங்கள் நட்பைப் பற்றிய அழகான வரிகளையும் எடுத்தேன். ‘நான் எழுதியது தப்பு. அவன் திருடவில்லை’ என்று மட்டும் வைத்தேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மடற்குழுவுக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்துவிட்டது. என்ன என்று போய்ப் பார்த்தேன். அந்தக் குழுவைப் போன மாதத்தோடு மூடிவிட்டார்கள். பழைய கடிதங்களையெல்லாம் படிக்கலாம், புதிதாக ஒன்றும் எழுத முடியாது என்று மேலே ஒரு வரி போட்டிருந்தார்கள். நடத்தியவருக்கு எழுதினேன், பழைய பதிவில் எதையும் சேர்ப்பதில்லை, நீக்குவதில்லை, அது குழுவின் விதி என்று மரியாதையாகப் பதில் போட்டார். பல வருடங்களுக்கு முன் அந்த விதிக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

திரும்பி வந்த கடிதத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அவன் பெயரைப் போட்டுத் தேடினேன். என் கடிதம் முதலில் வந்தது.